வீட்டில் ஒரு வாழை வாரம்: 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கான முழுமையான வழிகாட்டி

பழத்தை வைத்துப் பிள்ளைக்குப் பாடம் தொடங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் ஆப்பிளைத்தான் எடுக்கிறார்கள். ஆங்கில அரிச்சுவடியின் முதல் படம் அது. அச்செடுத்துக் கொடுக்கக் கிடைக்கும் தாள்களும் அதற்கே அதிகம். ஆனால் குமரி மாவட்டத்துப் பிள்ளைக்கு ஆப்பிள் என்பது கடைப் பெட்டியிலிருந்து வரும் ஒரு பண்டம். அதன் மரத்தையோ பூவையோ இலையையோ காட்ட வழியில்லை. இரண்டாம் நாளே படமும் தாளும்தான் மிஞ்சும்.

வாழை என்றால் வேர் முதல் கூம்பு (வாழைப்பூ) வரை எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. இந்த வழிகாட்டி வாழையை வைத்து ஒரு வாரத்துக்கான வேலைகளைச் சொல்கிறது. ஆப்பிளும் ஒன்று வேண்டும்; அது ஐந்தாம் படியில் வரும்.

வரிசை முக்கியம். முதலில் கை, பிறகு கத்தி, கடைசியில்தான் தாளும் எழுத்தும். புதிதாகத் தொடங்குபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதல் நாளே வாழைப்பழப் படம் வரைந்த தாளைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்கிறார்கள். பிள்ளை பத்து நிமிடத்தில் கிறுக்கி முடித்துவிட்டு எழுந்து போய்விடும். பழத்தைத் தொட்டு, உரித்து, எண்ணி, தின்ற பிள்ளைக்கு அதே தாளில் வரைய விஷயம் இருக்கும்.

1. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

வடசேரி, தக்கலை, திங்கள்சந்தை, மார்த்தாண்டம் எங்கும் இவை கிடைக்கும். எடைக்கு விற்பவர்களிடம் உதிரிப் பழமாகக் கேட்டு வாங்குங்கள். இனத்துக்கு ஒரு கிலோ தேவையில்லை.

பாளையங்கோட்டான் ஒரு சீப்பு, 10 முதல் 12 பழம், பாதி பழுத்தது. இதற்குப் பதில் ரசகதலி வாங்காதீர்கள். ரசகதலி கனிந்ததும் காம்பிலிருந்து தானே உதிரும். மூன்றாம் நாள் எண்ணுவதற்குச் சீப்பே இருக்காது. பாளையங்கோட்டான் காம்பை விடாமல் பிடித்து நிற்கும்.

மட்டி 3, ஏத்தன்பழம் (நேந்திரம்) 3, செந்துளுவன் (செவ்வாழை) 2. ஏத்தனில் ஒன்று நன்றாகக் கனிந்து தோலில் கரும்புள்ளி விழுந்ததாக இருக்கட்டும். அது கடைசி நாள் அப்பத்துக்கு. ஓணத்தை ஒட்டி ஏத்தன் விலை ஏறிவிடும், அந்தச் சமயம் வேறு எந்தப் பழமும் போதும்.

விளைந்த பச்சைக் காய் 2, ஒரே சீப்பிலிருந்து, செடியிலிருந்து நேராக வெட்டியது. கடையில் பச்சையாகத் தெரியும் காய் ஏற்கனவே பழுக்க வைக்கும் அறைக்குள் போய் வந்ததாக இருக்கலாம். அதை வைத்துச் செய்யும் சோதனையில் இரண்டு காயும் ஒன்றாகப் பழுத்துவிடும், வித்தியாசம் தெரியாது.

வாழைக்கூம்பு 1, மட்டையோடு வெட்டிய முழு வாழையிலை 1, ஆப்பிள் 1, எலுமிச்சை 1. வீட்டிலிருந்து அரிசி மாவு, மஞ்சள்தூள், சிறு பீட்ரூட், தேங்காய் எண்ணெய், ஈர்க்கில் (தென்னை ஓலைக் குச்சி), இங்க் ஃபில்லர், பழைய நாளிதழ், மழுங்கின கத்தி ஒன்று, கூர்கத்தி ஒன்று. கூர்கத்தி எப்போதும் உங்கள் கையில்.

கூம்பையும் இலையையும் அன்றன்று வாங்குங்கள். இலை இரண்டாம் நாள் சுருளும். கூம்பைப் பிரித்து வைத்தால் உள்ளே கறுத்துப்போகும்.

2. கறை, இடம், நேரம்

வாழைக்கறை துணியில் பட்டால் போகாது. பட்ட உடனே நிறம் தெரியாததால் பலரும் ஏமாறுகிறார்கள். காய்ந்த பிறகு பழுப்பாக எழும்பும், துவைக்கத் துவைக்க இன்னும் அழுத்தமாகும். ஆகையால் வாரம் முழுவதற்கும் ஒரு பழைய உடுப்பை ஒதுக்கிவிடுங்கள். கூம்பு, தண்டு, மட்டை எதைத் தொடுவதற்கு முன்னும் பிள்ளையின் இரண்டு உள்ளங்கையிலும் விரலிடுக்கிலும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். எண்ணெய் மேல் பட்ட கறை சோப்பில் போய்விடும்.

ரப்பர் பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வாழையும் ஒத்துக்கொள்ளாமல் போவது உண்டு. பழம் தின்றதும் உதடு அரிக்கிறது, தடிக்கிறது என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

இடம் திண்ணையோ அடுக்களைத் தரையோ போதும், நாளிதழ் விரித்து. எறும்பு வரும், வேலை முடிந்ததும் தோலை உடனே வெளியே போட்டு, தரையை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

ஒரு வேலைக்கு 15 நிமிடம், நாளைக்கு இரண்டு வேலை. மூன்று வயதுப் பிள்ளைக்கு 10 நிமிடமே தாராளம். பிள்ளை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நிறுத்துவது நல்லது. மறுநாள் அது தானே வந்து உட்காரும். சாப்பிட்ட கையோடு வேண்டாம், பசியோடும் வேண்டாம். பசித்த பிள்ளை எண்ணுவதற்கு முன் தின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை: நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பழத்தை வட்ட வட்டமாக நறுக்கிக் கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைக்கும் வடிவம் அதுதான். நீளவாக்கில் கீறிக் கொடுங்கள். உட்கார்ந்து தின்பது விதியாக இருக்கட்டும்.

3. முதல் நாள்: தொட்டு, முகர்ந்து, இனம் பிரித்தல்

காலையில் முதல் வேலையாகப் பழுக்க வைக்கும் சோதனையைத் தொடங்கிவிடுங்கள், ஏனென்றால் அதற்கு நான்கைந்து நாள் வேண்டும். இரண்டு பச்சைக் காயில் ஒன்றைக் கனிந்த பழம் ஒன்றோடு சேர்த்துக் காகிதப் பையில் போட்டு வாயை மடித்து வையுங்கள். இன்னொன்றை வேறு அறையில் திறந்த தட்டில் வையுங்கள். கனிந்த பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். பைக்குள் அது தங்கி, பக்கத்துக் காயைப் பழுக்கத் தூண்டும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வியர்த்து அழுகும். ஒரே அறையில் பக்கம் பக்கமாக வைத்தால் சோதனை கெடும்.

விரும்பினால் சீப்பிலிருந்து ஒரு பழத்தைக் குளிர்பெட்டியிலும் வைக்கலாம். தோல் கறுத்துவிடும், உள்ளே சதை நன்றாகவே இருக்கும். "வெளியே கறுப்பு, உள்ளே எப்படி?" என்று பிள்ளை ஊகிக்க இது ஒரு நல்ல வாய்ப்பு.

இனி இனம் பிரித்தல். எல்லாப் பழத்தையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். ஏத்தனும் மட்டியும் மட்டும் முதலில். ஒன்று நீளமாக, பட்டை பட்டையாக விளிம்பு தெரிய இருக்கும், மற்றது சிறியது, தோல் மெல்லியது. இரண்டு கூடையில் பிரித்துப் போடச் சொல்லுங்கள். தடுமாறாமல் செய்தால் செந்துளுவனைச் சேருங்கள், பிறகு பாளையங்கோட்டானை. "பெரிசும் மஞ்சளும் இங்கே, சிறிசும் சிவப்பும் அங்கே" என்று இரண்டு குணத்தை ஒரே கேள்வியில் போட்டால் இந்த வயதில் குழம்பும். ஒரு முறைக்கு ஒரு குணம்.

அடுத்தது முகர்தல். பல பிள்ளைகளுக்குக் கண்ணைக் கட்டினால் பிடிக்காது. அதற்குப் பதில் துணிப்பைக்குள் ஒரு பழத்தை வைத்து, கையை விட்டுத் தடவி, மூக்கை வைத்து மோந்து சொல்ல வையுங்கள். கனிந்த மட்டியின் மணம் தனியாகத் தெரியும். அதை முதலில் வைத்தால் முதல் முயற்சியிலேயே வெற்றி கிடைத்து விளையாட்டு சூடுபிடிக்கும்.

பெயரை முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். பிள்ளை "நெட்டைப் பழம்", "சொரசொரப்பு" என்று தன் சொல்லில் சொன்ன பிறகு, "ஆமா மக்களே, அதுக்குப் பேருதான் ஏத்தன்" என்று ஒட்டவையுங்கள். ஏற்கனவே பிடித்துவைத்த உருவத்தின் மேல் பெயர் உட்காரும்.

செந்துளுவன் காயாக இருக்கும்போதே சிவப்புதான். "பச்சை என்றால் காய், மஞ்சள் என்றால் பழம்" என்று கற்றுக்கொண்ட பிள்ளையை அது குழப்பும். முதல் நாள் அதைக் கூடையில் பிரிக்க மட்டும் பயன்படுத்துங்கள், "இது காயா பழமா?" என்ற கேள்வியை நான்காம் நாளுக்கு வைத்துக்கொண்டு, அன்றைக்கு விரலால் மெதுவாக அழுத்திப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.

4. சீப்பை எண்ணுதல்

சீப்பை அப்படியே கொடுத்து எண்ணச் சொல்வதுதான் எல்லாரும் செய்யும் பிழை. சீப்பில் பழங்கள் இரண்டு வரிசையாக, மேலொன்று கீழொன்றாக நெருக்கி நிற்கும். எங்கே தொடங்கினோம் என்று பிள்ளைக்குத் தெரியாது. ஒன்றை இரண்டு முறை எண்ணும், இன்னொன்றைத் தாண்டும். நாம் "தப்பு" என்கிறோம். எண் தெரியாததல்ல காரணம், வரிசை தெரியாததுதான்.

முதலில் உதிரிப் பழம் ஐந்தை ஒரே வரிசையில் தரையில் வையுங்கள். ஒவ்வொன்றையும் தொட்டு, அடுத்த தட்டுக்கு நகர்த்திக்கொண்டே எண்ணட்டும். நகர்த்திய பழத்தைத் திரும்ப எண்ண முடியாது. ஐந்து வந்த பிறகு, "அப்ப எத்தனை பழம்?" என்று கேளுங்கள். "அஞ்சு" என்றால் எண்ணிக்கையின் பொருள் புரிந்துவிட்டது. திரும்ப ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால் இன்னும் புரியவில்லை. திருத்தாதீர்கள், தட்டைச் சுற்றிக் கையால் ஒரு வட்டம் போட்டு "மொத்தம் அஞ்சு" என்று சொல்லிவிட்டு விடுங்கள். சில நாள் கேட்டால் தானே வரும்.

பிறகு பங்கு வைத்தல். சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் எத்தனை பேரோ அத்தனை தட்டு, தட்டுக்கு ஒரு பழம். ஆளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு போகும்போது குறைகிறதா மிஞ்சுகிறதா என்று பிள்ளை கண்டுபிடிக்கும். தாத்தா தட்டில் பழமில்லை என்று தெரிந்ததும் ஓடிப்போய் எடுத்து வரும். அந்த ஓட்டத்தில் கணக்கு இருக்கிறது.

சீப்புக்கு இப்போது வாருங்கள். தினமும் மாலையில் ஒரு பழத்தை எடுத்துத் தின்ன வேண்டும். பிய்த்தால் பக்கத்துப் பழத்தின் தோலும் சேர்ந்து கிழியும், ஆகவே காம்பில் ஒரு சென்டிமீட்டர் விட்டு நீங்கள் கத்தரியுங்கள். மிச்சக் காம்பு சீப்பில் குட்டையாக நிற்கும். அதைத் தொட்டு "தின்னது எத்தனை?", பழத்தைத் தொட்டு "மிச்சம் எத்தனை?" என்று நாள்தோறும் கேளுங்கள். போன பொருளின் அடையாளம் கண்முன் நிற்பதால், கழித்தல் என்ற பேச்சே எடுக்காமல் கழித்தல் நடந்துவிடும். வார முடிவில் மிச்சத்தை வீட்டிலுள்ளவர்கள் தின்று, வெறும் காம்புகளோடு சீப்பு நிற்கும்போது சுழியத்தைச் சொல்லிக்கொடுங்கள்.

5. வெட்டிப் பார்த்தல்: மூன்றும் ஐந்தும்

உரித்த பழத்தின் நுனியில் ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாக உள்ளே அழுத்துங்கள். சதை நீளவாக்கில் மூன்று பிளவாகப் பிரியும். கத்தி வேண்டாம், பிள்ளையே செய்யலாம். பழம் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். குழைந்த பழத்தில் விரல் புதையும், பிரியாது.

பிளவின் உள்விளிம்பில் சிறு கரும்புள்ளிகள் வரிசையாகத் தெரியும். அவை விதையாக வளராமல் நின்றுபோனவை, நட்டால் முளைக்காது. பக்கத்தில் ஆப்பிளை வையுங்கள். காம்பு மேலே இருக்க, ஆப்பிளைக் குறுக்காக, அதாவது இடுப்பில் வெட்டுங்கள். ஐந்து அறையுள்ள நட்சத்திரம் தெரியும், அறைக்குள் பழுப்பு விதை. எல்லாரும் மேலிருந்து கீழாக வெட்டிப் பழகியதால் இந்த நட்சத்திரத்தைப் பார்க்காமலே போகிறார்கள். விதையை எடுத்துக் கையில் கொடுத்துப் பார்த்த பிறகு போட்டுவிடுங்கள், கடித்து மெல்ல விட வேண்டாம்.

"ஆப்பிளுக்கு விதை உண்டு. வாழைக்கு இல்லையே, அப்ப புது வாழை எங்கிருந்து வருது?" இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் விடுங்கள். அடுத்த படி அதற்குத்தான்.

அதற்கு முன் கறுக்கும் சோதனை. ஆப்பிளில் இரண்டு துண்டு, வாழையில் இரண்டு துண்டு, ஒரே பருமனில். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டின் மேல் மட்டும் இங்க் ஃபில்லரால் எலுமிச்சைச் சாறு நான்கைந்து சொட்டு விட்டு, சாறு எல்லா இடத்திலும் படும்படி விரலால் தடவ வேண்டும். அரை மணிக்கொரு தரம், இரண்டு மணி நேரம் வரை பாருங்கள். வெட்டிய இடத்தில் காற்றுப் பட்டதும் பழத்திலுள்ள நொதி வேலை செய்து பழுப்பாகும். புளிப்பு அதைத் தடுக்கும். சாறு படாத இடம் கறுத்தால் சோதனை கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். சொட்டு விழுந்த இடம் மட்டும் வெளுப்பாக நிற்பது பிள்ளைக்கு இன்னும் தெளிவாகப் புரியும்.

6. விளைக்கு (தோட்டத்துக்கு)ப் போய்க் கன்றைப் பார்த்தல்

வீட்டு முற்றத்தில் வாழை இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் கேளுங்கள். பக்கக் கன்றை எப்படியும் களைந்துவிடுவார்கள், ஒன்றைக் கொடுக்க யோசிக்க மாட்டார்கள். முதலில் நீங்கள் போய் வாழையின் மூட்டையும் (அடிப்பகுதியையும்) காய்ந்த சருகையும் கம்பால் தட்டிப் பாருங்கள். பாம்போ தேளோ ஒதுங்கும் இடம் அது.

தாய் வாழையின் மூட்டில் சுற்றி நிற்கும் கன்றுகளைப் பிள்ளை எண்ணட்டும். நேற்றைய கேள்விக்கு விடை இங்கேதான். அடியில் கிழங்கு, அதிலிருந்து கன்று.

இப்போது இந்த வாரத்தின் மிக நல்ல வேலை. பிள்ளையின் இடுப்பளவு உயரமுள்ள, ஒடுங்கிய இலையுள்ள பக்கக் கன்று ஒன்றை, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாலையில் வெட்டுங்கள். சாய்வாக வேண்டாம், மட்டமாக ஒரே வெட்டு. வெட்டுவாயில் பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு, நடுவில் விரல் பருமனில் வெளிறிய குருத்து. எல்லாம் ஒரே மட்டத்தில். பிள்ளை குத்தவைத்துப் பார்த்து, எண்ணெய் தடவிய விரலால் தொட்டுப் பார்க்கட்டும். ஈரமாக, குளுகுளுவென்று இருக்கும்.

மறுநாள் காலை மறுபடி கூட்டிப் போங்கள். வெளிப் பட்டைகள் வெட்டிய இடத்திலேயே பழுப்பேறி நிற்க, நடுக்குருத்து மட்டும் வெளிர்பச்சையாக மேலே தள்ளி நிற்கும். வளரும் முனை மண்ணுக்குள் கிழங்கில் இருப்பதால் மேலே வெட்டியது அதைத் தடுக்கவில்லை. செடி வளர்கிறது என்று வாயால் சொல்லும் எதுவும் இதற்கு ஈடாகாது.

குருத்து எவ்வளவு எழும்பியதோ அந்த உயரத்துக்கு ஒரு ஈர்க்கிலை ஒடித்து வாருங்கள். தாளில் அடிக்கோடு ஒன்று போட்டு, ஈர்க்கிலைக் கோட்டின் மேல் நட்டக்குத்தாக ஒட்டுங்கள். அடுத்த நாள் இன்னொன்று, அதற்கடுத்த நாள் இன்னொன்று. மூன்று ஈர்க்கில் வரிசையாக உயர்ந்துகொண்டு போவதைப் பிள்ளை பார்க்கும். அளவுகோல் எண்ணைப் படிக்கத் தெரியாத வயதில் இதுதான் வரைபடம். அடிக்கோட்டில் சேர்த்து ஒட்டாவிட்டால் ஒப்பிட முடியாது. பிள்ளைகள் நுனியை மட்டும் பார்ப்பார்கள், அடியைக் கவனிக்க மாட்டார்கள்.

குருத்து எழும்பவில்லை என்றால் பெரும்பாலும் குலை வெட்டிய வாழையை வெட்டியிருப்பீர்கள். அதன் நடுவில் இருப்பது குலை தாங்கிய தண்டு, அது மேற்கொண்டு வளராது.

அங்கேயே இலையில் தண்ணீர் சொட்டு விடும் விளையாட்டையும் முடித்துவிடலாம். இங்க் ஃபில்லரை அழுத்தி ஒவ்வொரு சொட்டாக விடுவது பென்சில் பிடிக்கும் விரல்களுக்கு நேரான பயிற்சி. சொட்டு முத்தாக உருளும். இலைமேல் மெழுகுப் பூச்சு இருப்பதே காரணம். அடிப்பக்கத்தை விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டும். கைபட்டுத் தேய்ந்த இடத்தில் சொட்டு உருளாமல் பரவும், ஆகவே தேய்ப்பதற்கு முன் சொட்டு விட வேண்டும்.

7. கூம்பைப் பிரித்தல்

கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, வெளி மடலை ஒவ்வொன்றாகப் பிள்ளையே உரிக்கட்டும். ஒவ்வொரு மடலுக்கடியிலும் பூக்கள் இரண்டு வரிசையாகச் சீப்புப் போலவே நிற்கும். முதல் மடலைத் திறந்ததும் சீப்பையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். குலையில் முதலில் வரும் மடல்களின் பூக்களே காயாகின்றன. கூம்பில் மிஞ்சியிருப்பவை ஆண் பூக்கள், அவை காய்க்காது. காயின் நுனியில் கறுத்து ஒட்டியிருப்பது பூவின் மிச்சம் என்பதையும் இப்போது காட்டலாம்.

மடல்களைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துவது அருமையான வேலை, ஆனால் எல்லா மடலையும் கொடுத்தால் யாராலும் முடியாது. அடுத்தடுத்த மடல்கள் ஏறக்குறைய ஒரே அளவு. மூன்று வயதுக்கு 1, 6, 11 என்று மூன்று மடல். நான்கு வயதுக்குமேல் இரண்டு விட்டு ஒன்றாக ஐந்து மடல். வரிசை பிடிபட்ட பிறகு ஒரு மடலை ஒளித்துவைத்து "எந்த இடம் காலி?" என்று கேட்கலாம்.

ஒவ்வொரு பூவிலும் சமைக்கும்போது வேகாத, தலை தடித்த ஒரு நரம்பும், கண்ணாடி போன்ற ஒரு சிறு செதிலும் உண்டு. இரண்டையும் நுள்ளி எடுப்பது நான்கு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற விரல் வேலை. பத்துப் பூ எடுத்தால் போதும், மீதியை நீங்கள் முடியுங்கள். நறுக்கியதை மோர் கலந்த தண்ணீரில் போடுங்கள், கறுக்காது; எலுமிச்சைச் சாறு செய்த அதே வேலையை மோர் செய்கிறது என்று பிள்ளையிடம் சொல்லலாம். அன்றைக்குச் சோற்றுக்குக் கூம்புத் துவரன் (தேங்காய் சேர்த்த பொரியல்).

8. மட்டை அச்சு

இலைக்காம்பை, அதாவது மட்டையை, குறுக்கே வெட்டினால் பிறை வடிவமும் அதற்குள் காற்றறைகளும் தெரியும். அதுதான் அச்சு. பிள்ளை பிடிப்பதற்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். குட்டையாக வெட்டினால் விரல் நிறத்தில் முங்கும்.

கூர்கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். ரம்பம் போல அறுத்தால் வெட்டுவாய் மேடும் பள்ளமுமாகி, அச்சில் பாதிதான் விழும். வெட்டியதைத் துணிமேல் தலைகீழாகக் கால் மணி நேரம் நிறுத்தி நீரை வடித்துவிடுங்கள். இதைச் செய்யாததால்தான் பெரும்பாலான அச்சுகள் கலங்கிப்போகின்றன.

நிறத்துக்கு: 2 மேசைக்கரண்டி அரிசி மாவு, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், 3 மேசைக்கரண்டி தண்ணீர், தோசை மாவுப் பதத்தில். சிவப்புக்குத் தண்ணீருக்குப் பதில் பீட்ரூட் சாறு. தட்டில் ஊற்றி அச்சை முக்கக் கூடாது. மடித்த துணியில் நிறத்தைத் தடவி, அதன்மேல் அச்சை ஒற்றி எடுத்துத் தாளில் அழுத்த வேண்டும். அப்போதுதான் காற்றறை ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும்.

முதல் தாள் பிள்ளை இஷ்டத்துக்கு. இரண்டாம் தாளில் மஞ்சள், சிவப்பு, மஞ்சள் என்று நீங்கள் தொடங்கி, "அடுத்து எது?" என்று கேளுங்கள். இஷ்டத்துக்கு அடிக்க விடாமல் நேராக வரிசைக்குப் போனால் வேலை பிடிக்காமல் போகும்.

9. எழுத்து

ஐந்தாம் நாளுக்கு முன் எழுத்தைத் தொட வேண்டாம். எடுத்ததும் ப, ட, ம மூன்று மட்டும். ப, ட இரண்டும் நேர்கோடும் மூலையுமாக அமைந்தவை, ம-வில் மட்டும் ஒரு வளைவு உண்டு; பிஞ்சு விரலுக்கு எளிது. பழம், பட்டை, மட்டி, மடல், மட்டை என்று வாரம் முழுக்கக் கேட்ட சொற்களிலேயே இவை இருக்கின்றன. வாழையின் "வா"வில் தொடங்க ஆசை வரும். சுழியும் வளைவும் துணைக்காலும் சேர்ந்த எழுத்து அது, பிறகு பார்க்கலாம்.

முதலில் காதுக்கு. "பழம், பட்டை, மடல். இதில் எது வேற மாதிரி தொடங்குது?" பிறகு விரலுக்கு. தட்டில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு அரிசி மாவைப் பரப்பி, நீங்கள் விரலால் எழுத, பிள்ளை அதே தடத்தில் போகட்டும். எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போவது என்பது இங்கே பிடிபட்டுவிட்டால் பிறகு மாற்ற வேண்டியிராது. மாவு கனமாக இருந்தால் தடம் மூடிக்கொள்ளும்.

கிரேயான் கொடுப்பதானால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டாக ஒடித்துக் கொடுங்கள். முழுக் கிரேயானை முஷ்டியால் பிடிப்பார்கள். துண்டை விரல்நுனியால்தான் பிடிக்க முடியும்.

"ழ" இந்த வயதில் பலருக்கும் வராது. "வாயப்பயம்" என்றுதான் வரும். நிறுத்தித் திருத்தினால் பேசுவதைக் குறைத்துவிடும். "ஆமா, வாழைப்பழம்" என்று தெளிவாகத் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள்.

10. கடைசி நாள்: பழ இலையப்பம்

வறுத்த அரிசி மாவு 1 கப், கொதிநீர் ஏறக்குறைய 1 கப், உப்பு ஒரு சிட்டிகை. பூரணத்துக்குக் கனிந்த ஏத்தன் 1, தேங்காய்த் துருவல் அரை கப், பொடித்த கருப்பட்டியோ வெல்லமோ 3 மேசைக்கரண்டி, ஏலக்காய் 1.

கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மாவைக் கரண்டியால் கிளறுவது உங்கள் வேலை. ஆறிய பிறகு பிள்ளையின் கைக்கு வரும். பழத்தை மழுங்கின கத்தியால் நறுக்கி, மற்றவற்றோடு பிசைவது முழுக்கப் பிள்ளையின் வேலை. பூரணம் ரொம்ப நீர்த்தால் இலையிலிருந்து ஒழுகும், அப்போது இன்னும் ஒரு பிடி தேங்காய் சேருங்கள்.

இலைத்துண்டுகளை அனலில் வாட்டுங்கள். வாட்டாத இலை மடிக்கும்போது நரம்போடு கிழியும். நனைத்த விரலால் மாவை இலையில் மெல்லப் பரத்தி, பாதியில் பூரணம் வைத்து, மடித்து, ஆவியில் 12 முதல் 15 நிமிடம். மாவு தடித்தால் நடுவில் வேகாது. ஆளுக்கு ஒன்று என்று எண்ணித்தான் செய்ய வேண்டும்.

பரிமாறும்போது சாப்பாட்டு இலையின் நுனி உண்பவரின் இடது கைப்பக்கம் வர வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இலை போடும்போது பிள்ளை தன் இடப்பக்கத்துக்கு நுனியை வைத்துவிடும். அவர் பக்கமாகப் போய் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தவருக்கு இடது எது என்பது நான்கரை, ஐந்து வயதுக்குமேல்தான் மெல்லப் பிடிபடும், அவசரம் வேண்டாம்.

அன்றைக்கே காகிதப் பையைப் பிரியுங்கள். பைக்காய் மஞ்சளாகி, தட்டில் வைத்த காய் இன்னும் பச்சையாக இருந்தால் இரண்டையும் கையில் கொடுத்து அழுத்தவும் முகரவும் விடுங்கள். இரண்டும் பச்சையாக இருந்தால் காய் முற்றாமல் வெட்டப்பட்டிருக்கும். இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம். தட்டுக்காய் பழுக்க நாளானால் அதைத் தோல் சீவி, வேகவைத்துக் கறியாக்கிவிடுங்கள். கூம்பு மடல், மட்டை, தோல் எல்லாம் வாழை மூட்டிலேயே போகட்டும், அதைக் கொண்டுபோய்ப் போடுவதும் பிள்ளையின் வேலைதான்.